பெரியண்ணன் காட்டுப் பருத்தி

பெண் பார்க்கத் துறையூர் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வெண்ணிலாவுக்குப் பையனைப் பிடித்திருந்தது. பயமெல்லாம் அப்பா பெரியண்ணனின் வாயை நினைத்துத்தான். முன்னே வந்த ரெண்டு இடமும் அவர் பேச்சைக் கேட்டே எழுந்து போயிருந்தது. "இன்னைக்காவது வாயை மூடிக்கிட்டு இருங்க" என்று அம்மா காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள்.

"என்ன வெள்ளாமைங்க?" என்று பையனின் தாய்மாமன் சும்மாதான் கேட்டார்.

"பி.டி. பருத்தி. விதைக்குள்ளயே புழுவுக்கு விஷம் வச்சு அனுப்புறான். நம்ம காட்டுல புழு வாய வச்சாப் போதும், கைகால் இழுத்துக்கும்."

"புழுவுக்கு ஏதுங்க கை?"

"அதத்தான் சொல்றேன். கை மொளச்சு, அப்புறம் இழுத்துக்கும்."

கதவுக்குப் பின்னால் நின்ற வெண்ணிலா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"செடி எவ்வளவு ஒசரம் வருதுங்க?"

"செடியா? பருத்தி எடுக்க மேல ஏறுன பொம்பளைங்க அங்கயே அடுப்பு மூட்டி சோறாக்கித் தின்னுட்டு, மறுவாரம்தான் எறங்குனாங்க. காய் வெடிச்ச அன்னிக்கு, திருச்சிக்குப் போற ஏரோப்ளேன் மேகம்னு நெனச்சு உள்ள பூந்துருச்சு. பாவம், உள்ள இருந்த சனம் பஞ்சத் தட்டிவிட்டுட்டு டவுன்பஸ் ஏறிப் போச்சு."

அம்மா அடுப்படியிலிருந்து இருமினாள். அது அவருக்குக் கேட்கவில்லை.

"அந்த எலையத் தின்னா ஆடுமாடுக்கு ஆகாதுன்னு பேசிக்கிறாங்களே?" என்றார் தாய்மாமன்.

"யாரு சொன்னா? நம்ம வெள்ளாடு தின்னுச்சு. குட்டி வேட்டி கட்டிக்கிட்டே பொறந்துச்சு. கரை வேட்டி."

"கரை என்ன கலருங்க?"

"அது எலெக்சனுக்கு எலெக்சன் மாறும்."

போன தடவை நாமக்கல்காரர்கள் எழுந்தது இந்த ஆட்டுக்குட்டியில்தான். வெண்ணிலாவுக்கு அழுகை முட்டியது.

அதுவரை வாயே திறக்காத பையனின் அப்பா அங்கமுத்து, துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க ஊர்லயும் அதே விதைதாங்க," என்றார் நிதானமாக. "மொத வருசம் காய்ப்புழு செத்துச்சு. மறுவருசம் மயங்கி விழுந்து எந்திரிச்சுது. அதுக்கடுத்த வருசம் அந்த வெசம் இல்லாம அதுக்குச் சோறு எறங்கல. போன ஆடி மாசம் விதை வாங்கப் போறேன், கடையில எனக்கு முன்னாடி வரிசையில பூந்து நிக்குது. 'அண்ணே, அந்த விதையே குடுங்க, மத்ததுல காரம் பத்தல'ங்குது."

பெரியண்ணன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பிறந்ததிலிருந்து அவருக்கு இப்படி ஆனதில்லை.

வெண்ணிலா கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். மாப்பிள்ளைப் பையன் கூசிப்போய் நெற்றியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், அவனும் ஒரு அப்பாவை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவன்தான். அவள் அடுப்படிக்குப் போய், "சரின்னு சொல்லிரும்மா" என்றாள்.

கூடத்தில் பெரியண்ணனுக்கு மெதுவாகக் குரல் திரும்பியது.

"வரிசையில பூந்து முன்னாடி நின்னுச்சே, நீங்க ஒண்ணும் கேக்கலையா சம்பந்தி?"

"எப்படிங்க கேக்குறது?" என்றார் அங்கமுத்து. "கடைக்காரருக்கு அது மாமன் முறையாம்."