மகாராஜாவின் வீணையும் கப்பித்தான் சொன்ன சொல்லும்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு கடற்கரை ராஜ்ஜியத்தில், வீணை வாசிக்கும் மகாராஜா ஒருவர் இருந்தார். அவர் தொட்டால் வீணையே அழும்.

கப்பலில் வந்திறங்கிய இங்கிலீஷ்காரக் கப்பித்தான் ஒருவன் அதை மூன்று நாழிகை உட்கார்ந்து கேட்டான். எழும்போது தன் ஆளிடம், "ஐ புட் அப் வித் இட்" என்று முணுமுணுத்தான்.

"என்ன சொல்கிறார்?" என்றார் மகாராஜா ஆவலோடு.

வெள்ளைக்காரர் பேச்சை மொழிபெயர்க்கவே சம்பளம் வாங்குகிற துபாஷி வேங்கடராயர், ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் போட்டார். "புட் என்றால் வை, பிரபு. அப் என்றால் மேலே. வித் என்றால் கூட. தங்கள் இசையைத் தலைக்கு மேலே வைத்துக் கூடவே கொண்டுபோகிறாராம்!"

மகாராஜா உருகிப்போனார். அந்தச் சொல்லைக் கொடியில் பொன்நூலால் தைக்கச் சொன்னார். இனி வாசிப்பு முடிந்ததும் சபையே எழுந்து அதைச் சொல்ல வேண்டும் என்றும் உத்தரவு.

அரசவை விகடகவி மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் துறைமுகத்து மாலுமிகளோடு பழகியவன். அந்தச் சொல் அவர்கள் வாயில் கொசுக்கடிக்கு வரும். பல்வலிக்கு வரும். கப்பல் சமையல்காரனின் கஞ்சிக்கு வரும். விருந்துப் பாயசத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை.

வாயைப் பொத்துவதற்குள் ராயர் பார்த்துவிட்டார். "பிரபு! மாசிலாமணி வேறு அர்த்தம் வைத்திருக்கிறான் போலும்."

"அப்படியா? நாளைச் சபையில் சொல்லட்டும். பொய்யானால் தலை போகும்."

ராயர் அவன் காதருகே குனிந்தார். "உண்மையானாலும் போகும், தம்பி."

அன்று மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"ஓடிப்போயிடலாமா?" என்றாள் மனைவி செண்பகம், தோசைக்கல்லைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே.

"எங்கே ஓடுறது? ஒரு பக்கம் கடல், மூணு பக்கம் ராஜாவோட ஆளுங்க. முதல்ல அந்தச் சத்தத்தை நிறுத்து, பல்லு கூசுது!" என்றவன், சட்டென்று நிமிர்ந்தான். "அந்தக் கல்லை இங்கே கொடு."

சபையின் நடுவே விண்ணப்பக் கல் என்று ஒன்று உண்டு. அதன்மேல் நிற்பவன் 'முடிந்தது' என்று சொல்லும்வரை மகாராஜா எழவும் கூடாது, வாய் திறக்கவும் கூடாது. அவருடைய பாட்டனார் வைத்த ஏற்பாடு. மறுநாள் மாசிலாமணி அதன்மேல் ஏறினான். பக்கத்திலேயே வெட்டுவாளோடு ஒருவன் நின்றான். மாசிலாமணி மடியிலிருந்து தோசைக்கல்லை எடுத்தான். கரண்டியால் சுரண்டத் தொடங்கினான்.

கிறீச்ச்ச்.

மகாராஜாவின் கால்விரல்கள் சுருண்டன. கண்கள் சிவந்தன. ஒரு நாழிகை ஆயிற்று. கரண்டி வியர்வையில் வழுக்கியது, அவன் விடவில்லை. கடைசியில், "முடிந்தது" என்றான்.

"என்னடா துணிச்சல்!" என்று சீறினார் மகாராஜா.

"பிரபு, இந்தச் சத்தம் பிடித்திருந்ததா?"

"காதில் ஆணி அடித்த மாதிரி இருந்தது!"

"பிறகு ஏன் எழுந்து போகவில்லை?"

"எப்படிப் போவது? பாட்டனார் ஏற்பாடாயிற்றே! பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்."

"அதுதான் பிரபு, புட் அப் வித். பிடிக்காத ஒன்றைத் தள்ளவும் முடியாமல் சகித்துக்கொண்டு இருப்பது."

மகாராஜா தம் வீணையையே வெகுநேரம் பார்த்தார். வாள்காரன் ஓரடி முன்னால் வந்தான்.

"அப்படியானால் கப்பித்தான் என் வாசிப்பை..."

"அதை அவரிடம்தான் கேட்க வேண்டும், பிரபு. அடியேன் சொல்லுக்கு மட்டுமே பொறுப்பு."

"சகித்தது அவர் ஒருவர்தானா?" என்று சபையைச் சுற்றிப் பார்த்தார் மகாராஜா.

கேள்வி சரியாகக் கேட்காத கிழ மந்திரி தலையைச் சாய்த்தார். அவர் காதிலிருந்து ஒரு பஞ்சு உருண்டை நழுவி, சிம்மாசனப் படிவரை உருண்டு வந்து நின்றது.

மகாராஜா அதைக் குனிந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை வருஷமாய் ஐயா இது?"

"பதினோரு வருஷம், பிரபு."

முதலில் மகாராஜாவின் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. கண்ணில் நீர் வரச் சிரித்தார். கொடியை இறக்கச் சொல்லி, தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணி கழுத்தில் போட்டார். அவன் மறுபடி கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"வாசிப்பு நேரத்தில் காவல் வேலை, பிரபு. வெளிவாசலில்."

"கொடுத்தோம்!" என்று மறுபடி சிரித்தார் மகாராஜா. "ராயர் முன்வரிசையில் உட்காரட்டும். காதில் பஞ்சு இருக்கிறதா என்று தினமும் நானே பார்ப்பேன்."