கனவில் செய்த குற்றம்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் பக்கத்து நாட்டுக்காரன் சண்டைக்கு வருவான் என்பதால் பெயர் சொல்லாமல் விடப்பட்ட ஒரு நாட்டை, வீரகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். சாப்பாடும் தூக்கமும் சரியாக அமைந்துவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. ஒருநாள் பலாப்பழப் பாயசத்தை அளவில்லாமல் குடித்துவிட்டு மத்தியானம் படுத்தவர், வியர்த்து விறுவிறுத்து எழுந்து உட்கார்ந்தார்.

"விகடகவி அழகாத்திரியைப் பிடித்து வாருங்கள்" என்றார்.

விஷயம் இதுதான். ராஜாவின் கனவில் அழகாத்திரி அவருடைய கிரீடத்தை வைத்துக்கொண்டு சிங்காசனத்தில் உட்கார்ந்து சிரித்தானாம். முகம் கழுவியிருந்தால் எல்லாம் போயிருக்கும். ஆனால் கட்டிலருகிலேயே நின்றிருந்தார் தளவாய் செண்டலங்காரர். ராஜா சாப்பிட்டால் எதிரே நிற்பார், தூங்கினால் விழிக்கும்வரை நிற்பார். தான் பேசினால் ராஜா கொட்டாவி விடுவதும், அழகாத்திரி வாயைத் திறந்தால் நிமிர்ந்து உட்காருவதும் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"பிரபு, அரசர் காணும் கனவு பொய் சொல்லாது. கனவில் செய்தாலும் ராஜத் துரோகம் ராஜத் துரோகமே. பொழுது சாய்வதற்குள் அவனை எல்லைக்கு அப்பால் விரட்டுவதே முறை" என்று எடுத்துக் கொடுத்தார்.

காவலர் வந்தபோது அழகாத்திரி வீட்டில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தான். மனைவி பெயர் தையல், அவளுக்கு நிறைமாதம். எல்லைக்கு அப்பால் சொட்டுத் தண்ணீர் கிடைக்காத பொட்டல். அவளை நடத்திக் கூட்டிப் போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பயந்துதான் போனான். ஊரைச் சிரிக்க வைக்கிறவனுக்குச் சபைக்குப் போகும் வழியில் ஒரு வேடிக்கைப் பேச்சும் தோன்றவில்லை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் பாட்டனார் வைத்தது. குற்றச்சாட்டைக் கேட்டவன் தன் வாயால் "விளங்கிற்று" என்று சொன்னால்தான் சேமக்கலத்தை அடிப்பார்கள். அந்த மணியோசைக்குப் பிறகுதான் விசாரணை. விளங்கும்வரை அவன் எதைக் கேட்டாலும் குற்றம் சாட்டியவர் பதில் சொல்லியாக வேண்டும், அது அரசரே ஆனாலும் சரி. அருமையான ஏற்பாடு, ஆனால் அதனால் ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை. சபையைப் பார்த்த பயத்திலேயே, பாதி சொல்லும்போதே "விளங்கிற்று சாமி" என்று விடுவார்கள். போன மாசம் ஓர் ஆட்டிடையன் அப்படித்தான் சொல்லிவிட்டு, கசையடியும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, "நான் என்னங்க பண்ணினேன்?" என்று வாசல் காவலனைக் கேட்டான். காவலனுக்கும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அழகாத்திரி அதை மறக்கவில்லை.

தளவாய் குற்றச்சாட்டைச் சொல்லி முடித்து, குரலில் தேனைத் தடவிக்கொண்டார்.

"அழகாத்திரி, உன்மேல் உள்ள பரிவால் சொல்கிறேன். சேமக்கலம் அடித்தபின் மூன்று பதில்களில் ஒன்றை நீ சொல்லலாம். செய்யவில்லை என்றால், அரசர் கண்டது பொய் என்று ஆகும், அது தனிக் குற்றம். செய்தேன், ஆனால் தவறில்லை என்றால் அது திமிர். செய்தேன், மன்னியுங்கள் என்றால், எல்லைவரை போக ஒரு மாட்டுவண்டி தரச் சொல்கிறேன். புத்தியாக மூன்றாவதைச் சொல்."

வண்டி என்றதும் தையல் நினைவு வந்து அவன் மனசு தடுமாறியது. சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தான். பிறகு அந்த இடையன் முகம் நினைவுக்கு வந்தது.

"தளவாயவர்களே, எனக்கு இன்னும் விளங்கவில்லை."

சபை திடுக்கிட்டது. அந்த வார்த்தையை அங்கே யாரும் அதுவரை கேட்டதில்லை. ராஜா முகம் சுளித்தார். ஆனாலும் பாட்டனார் வைத்த முறையாயிற்றே.

"என்ன விளங்கவில்லை, கேள்" என்றார்.

"குற்றம் நடந்த இடம் எது, பிரபு?"

"இதே சபை, இதே சிங்காசனம்."

"நான் மட்டும்தான் இருந்தேனா?"

"சபை நிறைந்திருந்தது."

அழகாத்திரியின் கண் தளவாய் பக்கம் போனது. கண் அயரும்வரை ராஜாவின் முகத்துக்கு நேரே நின்ற ஆள் யார் என்று அவனுக்குத் தெரியும். அந்த முகம் கனவுக்குள் வராமலா இருந்திருக்கும்? குருட்டுத் துணிச்சல்தான். வேறு வழியும் இல்லை.

"தங்கள் கிரீடம் கனமானது, பிரபு. அதை நானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேனா, யாராவது வைத்துவிட்டார்களா?"

ராஜா கண்ணை மூடி யோசித்தார். கோபத்தில் இருந்தாலும் கண்டதை மறைக்கிறவர் இல்லை.

"செண்டலங்காரர்தான் வைத்தார்" என்றார் மெதுவாக. "அப்புறம் சாமரமும் வீசினார். எனக்கு வீசுவதைவிட வேகமாகவே வீசினார்."

தளவாயின் முகம் வெளுத்தது. "பிரபு, அது கனவு. கனவில் நடந்ததற்கு அடியேன் எப்படிப் பொறுப்பாவேன்? அந்நேரம் நான் தங்கள் கட்டிலருகே அல்லவா நின்றேன்?" என்று கைகூப்பினார்.

"விளங்கிற்று" என்றான் அழகாத்திரி.

சேமக்கலம் ஒலித்தது. "மூன்றில் எது உன் பதில்?" என்று கேட்டார் ராஜா.

"நாலாவதாக ஒன்று, பிரபு. தளவாயவர்கள் இப்போது தமக்காகச் சொன்னதை அப்படியே எனக்காகவும் ஒருமுறை சொல்லட்டும். சொல்ல மனமில்லை என்றால், நாங்கள் இருவரும் அந்த ஒரே வண்டியில் போய்விடுகிறோம். வழியில் எனக்குச் சாமரம் வீச ஆள் வேண்டும்."

ராஜா அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். தளவாய் மட்டும் சிரிக்காமல், "கனவில் நடந்ததற்கு அழகாத்திரி பொறுப்பாக மாட்டான்" என்று சபையறியச் சொன்னார்.

ராஜா தம் கைக் கடகத்தைக் கழற்றி அழகாத்திரிக்குப் போட்டார். "இவ்வளவு சின்ன விஷயம் விளங்க உனக்கு இத்தனை நேரமா?"

"எனக்கு முதலிலேயே விளங்கிவிட்டது, பிரபு. தளவாயவர்களுக்கு விளங்கட்டும் என்றுதான் காத்திருந்தேன். இனி உத்தரவு கொடுங்கள், வீட்டில் வெந்நீர் ஆறிப்போகும்."

அன்று பொழுது சாயும் நேரத்தில் தையலுக்குப் பெண் குழந்தை பிறந்தது, சொந்த வீட்டிலேயே. அடுத்த வழக்கில் ஒரு வாணியனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தளவாய் மளமளவென்று குற்றத்தைச் சொல்லி முடித்தார். அந்த ஆள், "விளங்கல சாமி" என்றான்.

ராஜா அழகாத்திரியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "செண்டலங்காரரே, முதலிலிருந்து சொல்லும்" என்றார்.