வேலி தாண்டிய முல்லை

ராஜாக்கள் யானை மேல் ஊர்வலம் போன நாளில் நடந்தது இது. காது கொடுத்துக் கேளுங்கள்.

மேலைப்பூவூர் என்று ஓர் ஊர். அங்கே வீட்டுக்கு வீடு முல்லைப் பந்தல். மணப்பெண்ணின் மாலைக்கு அவள் வீட்டு முல்லை முந்நூறு வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஒன்று குறைந்தாலும் கல்யாணம் அடுத்த இளவேனிலுக்குத் தள்ளிப்போகும்.

வேலாத்தாளுக்கு ஒரே மகள், மரகதம். போன ஆண்டு ஒன்பது பூ குறைந்து, அவள் கல்யாணம் ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. அதனால் வேலாத்தாள் இந்த முறை தையில் கொடிகளைக் கவாத்து செய்தாள். மாசியில் எரு வைத்தாள். பங்குனி முழுக்கக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள்.

சித்திரையில் கல்யாண நாள் வந்தது. விடிந்ததும் மொட்டுப் பறித்தாள். முதல் கொடியில் நூற்றுப் பன்னிரண்டு. இரண்டாம் கொடியில் தொண்ணூற்றெட்டு. மூன்றாம் கொடியில் எண்பத்தேழு. மூன்று முறை கூட்டினாள். மூன்று முறையும் இருநூற்றுத் தொண்ணூற்றேழுதான்.

வேலியைத் தாண்டி அவள் பக்கம் ஒரு கிளை தொங்கியது. அடுத்த வீட்டுக் குப்பாயியின் முல்லை. அதில் ஐந்து மொட்டுகள். வேலாத்தாளின் கை நீண்டது. பிறகு மடங்கியது.

"குப்பாயக்கா, மூணு மொட்டுத் தருவீங்களா?"

"வெட்டு வெட்டுன்னு மூணு வருசமா என் உசிரை எடுத்தியே, அந்தக் கொடியிலயா கேக்கறே?" என்று வேலிக்கு அப்பாலிருந்து சிரித்தாள் குப்பாயி. "சரி, பறிச்சுக்கோ புள்ள. மரகதம் எனக்கும் மகதான்."

மாலை கட்டியானது. ஊர் மணியக்காரர் வந்து பூக்களை எண்ணினார்.

"முந்நூறும் உன் வீட்டுப் பூதானே, வேலாத்தா?"

ஆம் என்று சொல்லிவிட்டால் மேளம் கொட்டும். மரகதம் தாயின் முகத்தையே பார்த்தாள்.

"இல்லீங்க. மூணு குப்பாயக்கா வீட்டுப் பூ."

குப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். "அட, உன் வாயை வெச்சுக்கிட்டு! ஏனுங்க மணியக்காரரே, இடுப்பு வலியில நான் அந்தக் கொடிக்குத் தண்ணி ஊத்தியே ரெண்டு மாசமாச்சு. அது எங்கே குடிச்சுப் பூத்துதுன்னு தோண்டித்தான் பாருங்களேன்!"

வேலியடியில் தோண்டினார்கள். குப்பாயியின் முல்லை வேர் வேலிக்குக் கீழே ஓடி, இரண்டு முழம் தாண்டி, வேலாத்தாளின் ஈரப் பாத்தியில் பரவிக் கிடந்தது.

"இந்த வீட்டுத் தண்ணியில பூத்தது இந்த வீட்டுப் பூவேதான்" என்றார் மணியக்காரர். "முந்நூறும் சரி. மேளக்காரரே, கொட்டுங்க!"

ஆகையால் கேட்டவர்களே, தன் குறையை மறைக்காமல் சொல்கிறவருக்குத்தான் பிறர் துணை நிற்க வழி கிடைக்கும்.