பனை ஓலைக்குக் கத்திய சொட்டை

ஓடைக்கரையில் ஓர் இலுப்பை மரம். அதில் பதினோரு தவிட்டுக்குருவிகள். விடிந்தால் போதும், காடே எழுந்துகொள்ளும் அளவுக்குச் சலசலப்பு! ஒரு புழுவுக்குச் சண்டை, உடனே சமாதானம், மறுபடி சண்டை.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. எல்லாரும் தரையில் சருகைக் கிளறி இரை தேடுவார்கள். ஒருவர் மட்டும் உச்சிக்கிளையில் காவல் இருப்பார். ஆபத்தைப் பார்த்தவர் கத்த வேண்டும், கேட்டவர்கள் பறக்க வேண்டும். ஏன், எதற்கு என்ற விசாரணையெல்லாம் கிளைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான்.

ஒருநாள் மழை விட்டதும் ஈசல் புறப்பட்டது. தலைவர் மிடுக்கன் வாய் நிறைய ஈசலோடு நின்றார். உச்சியில் சொட்டை காவல். மண்டையில் நாலு இறகு குறைச்சல், அதனால் அவனுக்கு அந்தப் பெயர்.

"வல்லூறு! வல்லூறு!" என்று கத்தினான் சொட்டை.

எல்லாரும் அடித்துப் பிடித்துப் பறந்தார்கள். மிடுக்கன் மட்டும் கால் வழுக்கிச் சேற்றுக் குட்டையில் தலைகுப்புற விழுந்தார். வல்லூறும் இல்லை, ஒன்றும் இல்லை. காற்றில் ஒரு காய்ந்த பனை ஓலை வந்து விழுந்திருந்தது!

எதிர்மரத்துக் காக்கைகள் விழுந்து விழுந்து சிரித்தன. மிடுக்கனுக்கு மானம் போயிற்று.

"ஏண்டா பனை ஓலை! உனக்கு இருக்கிறது கண்ணா, புண்ணா?" என்று சீறினார்.

அன்றிலிருந்து அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "பனை ஓலை, சாப்பிட்டாச்சா?" "பனை ஓலை, தள்ளி உட்காரு!" சொட்டையும் கூடவே சிரித்து வைத்தான். உள்ளுக்குள் சுருக்கென்று தைத்தது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் மரகதம் என்ற கிளி. நகரத்தில் ஒரு பெரிய கம்பெனியின் மீட்டிங் அறை ஜன்னலோரம் நாலு வருஷம் குடியிருந்தவள்.

"உங்க கூட்டத்துல ஒரு அமைப்பே இல்லையே! கம்பெனியில யாராவது நேரா கத்துவாங்களா? கீழே இருக்கறவர் மேலே சொல்லணும். அவர் அதுக்கும் மேலே சொல்லணும். கடைசியிலே தலைவர்தான் முடிவு பண்ணணும். அதுக்குப் பேருதான் மேனேஜ்மென்ட்!"

மிடுக்கனுக்கு அது தேனாக இனித்தது. சாயங்காலத்துக்குள் நடுக்கிளை அதிகாரி, அடிக்கிளை அதிகாரி, அவர்களை மேற்பார்க்க ரெண்டு பேர் என்று, தலைவரையும் காவலையும் சேர்த்து ஏழு பேர் பதவியில் உட்கார்ந்துவிட்டார்கள். இரை தேட மிச்சம் நாலே பேர்! கத்தும் உரிமை மிடுக்கனுக்கு மட்டும்.

வெடுக்கி என்ற குருவிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவள் கூட்டில் அப்போது நாலு நீல முட்டைகள் இருந்தன.

"அண்ணே, பாம்பு வந்தா உங்க முடிவுக்குக் காத்திருக்குமா?"

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கும்மா!" என்றார் மிடுக்கன்.

மூன்றாம் நாள் அவள் இரை தேடப் போன நேரம், சாரைப்பாம்பு மரத்தில் ஏறியது. சொட்டை பார்த்துவிட்டு நடுக்கிளை அதிகாரியிடம் ஓடினான்.

"நிறம் என்ன?"

"பழுப்பு."

"நீளம்?"

"முழுசா தெரியலை."

"தெரியாம எப்படி மேலே சொல்றது? போய்ப் பார்த்துட்டு வா, பனை ஓலை!"

அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அடுத்த அதிகாரி அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டார். விஷயம் மிடுக்கனுக்கு எட்டி, அவர் தொண்டையைச் செருமிக் கத்தி, கூட்டம் திரண்டு பாம்பை விரட்டியபோது கூட்டில் மூன்று முட்டைகளே இருந்தன.

வெடுக்கி திரும்பி வந்து பார்த்தாள். மூன்றையும் இறகால் மூடி உட்கார்ந்தாள். அந்த வாயாடி வாயடைத்துப் போனதை மிடுக்கனால் தாங்க முடியவில்லை.

"எல்லாப் பதவியும் ரத்து! இனிமே பார்த்தவங்க கத்தலாம்!"

மரகதம் வேறு காட்டில் தனக்கு அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் பறந்துவிட்டாள்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும், இல்லையா? முடியவில்லையே!

மறுநாள் மத்தியானம் வெடுக்கி ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். ருசி கண்ட சாரை மறுபடி ஏறியது. உச்சியிலிருந்து சொட்டை பார்த்தான். அலகைத் திறந்தான். 'கொடியா இருந்துட்டா?' மூடிக்கொண்டான். நடுக்கிளையில் இருந்தவரும் பார்த்தார். 'காவல்காரனே பேசாம இருக்கான், நமக்கு எதுக்கு வம்பு?' கீழே இருந்தவர் இவர்கள் இருவரையும் பார்த்தார். பாம்பாக இருந்தால் இவர்கள் கத்தியிருக்க மாட்டார்களா என்று புழுவைத் தேடினார்.

ஈர அலகோடு திரும்பிய வெடுக்கி அலறினாள். "பாம்பு! ஐயோ, பாம்பு!"

பதினோரு பேரும் பாய்ந்தார்கள். வாலில் நாலு கொத்து, தலையில் நாலு கொத்து! சாரை பொத்தென்று விழுந்து புதருக்குள் ஓடியது. நல்லவேளை, முட்டைகள் தப்பின.

"சட்டத்தைத்தான் எடுத்துட்டேனே! ஏண்டா கத்தலை?" என்று மிடுக்கன் கொதித்தார்.

சொட்டைக்குக் கண் கலங்கியது. "சட்டத்தை எடுத்தீங்க அண்ணே. பனை ஓலைன்னு கூப்பிடறதை எடுக்கலையே! இன்னொரு பேரை வாங்கிக்க எனக்குத் தெம்பு இல்லை."

மிடுக்கன் பார்வையைச் சேற்றுக் குட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பெயரை முதலில் வைத்தது அவர்தானே!

நாலு நாள் கழித்து மூன்று குஞ்சுகளும் பொரிந்தன. அன்றைக்கும் உச்சியில் சொட்டைதான். மிடுக்கனே கெஞ்சி உட்கார வைத்திருந்தார்.

"வல்லூறு!" என்று கத்தினான் சொட்டை.

எல்லாரும் பறந்தார்கள். மிடுக்கன் அதே குட்டையில், அதே தலைகுப்புற! வானத்தில் ஆடி ஆடி வந்தது ஒரு பாலித்தீன் பை. காக்கைகள் சிரித்த சிரிப்பில் ரெண்டு காக்கை கிளையிலிருந்தே நழுவிவிட்டன.

கூட்டமே தலைவரைப் பார்த்தது. மிடுக்கன் சேற்றை உதறினார்.

"சத்தம் கணீர்னு கேட்டுது சொட்டை! அடுத்த தடவையும் இப்படியே கத்து. வழுக்கி விழுந்தது என் கால், உன் வாய் இல்லை."

"பாலித்தீன்..." என்று யாரோ இளிக்க ஆரம்பித்தார்கள். வெடுக்கி அவர் மண்டையில் ஒன்று வைத்தாள்.

அன்று சாயங்காலமே சொட்டை மறுபடி கத்தினான். ஒருவரும் யோசிக்கவில்லை, பறந்தார்கள். இந்தத் தடவை வந்தது நிஜ வல்லூறு! அதன் நகத்தில் சிக்கியது ஒரு பிடி சருகுதான்.

ஒரு கூட்டத்தின் சட்டத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம், ஆனால் தவறிச் சொன்னவனைக் கேலி செய்யும் பழக்கம் போனால்தான் ஆபத்தை முதலில் பார்ப்பவன் வாய் திறப்பான்.