பெருமாளைத் தூக்கிய தோள்

கோதண்டம் பெருமாளைத் தூக்கியவர். முப்பத்தைந்து வருஷம், எட்டு ஆட்களில் ஒருவராகப் பல்லக்கின் தண்டுக்குத் தோள் கொடுத்தவர். வலது தோளில் அதன் காய்ப்பு இருக்கிறது. கேட்டாலும் காட்டுவார், கேட்காவிட்டாலும் காட்டுவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு மனைவியைத் தூக்க முடியவில்லை.

குமுதவல்லிக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் கொஞ்சம் குழறும். காலையில் தூக்கி ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் போதும், தெருவைப் பார்த்துக்கொண்டு தெம்பாக இருப்பாள். தை மாதத்தில் ஒருநாள் தூக்கும்போது கோதண்டத்துக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் சேர்ந்து தரையில் விழுந்தார்கள். அன்றோடு அவள் தன்னைத் தூக்க விடவில்லை. படுத்தே கிடக்கிறேன் என்றுவிட்டாள்.

மகன் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருந்தான். பங்குனிக் கடைசியில் கார் எடுத்து வந்து அம்மாவை அழைத்துப் போவதாகப் போனில் சொன்னான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் போனை வைத்த பிறகு கோதண்டம் சமையல்கட்டில் நின்று வெகுநேரம் அழுதார்.

கல்யாண மண்டபத்து மாடியில் அரசி டீச்சர் காலை வேளையில் மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்தினார். முன்பு பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அறுபத்துமூன்று வயதுக் கோதண்டம் செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, பள்ளியில் சேர வந்த பிள்ளை மாதிரி வாசலில் நின்றார்.

"எனக்குப் பலம் வேணும் டீச்சர். ஒரு மாசத்துல வேணும்."

"எதுக்கு ஐயா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். காய்ப்பையும் காட்டினார். "எட்டுப் பேரோட தூக்கிப் பழகின உடம்பு. இப்ப ஒத்தை ஆளாத் தூக்குறேன். பெருமாளைவிடக் கனக்குறா டீச்சர்."

டீச்சர் தலையாட்டிக்கொண்டார். மூச்சை இழுத்தபடி கைகளை உயர்த்தச் சொன்னார், விட்டபடி இறக்கச் சொன்னார். அவ்வளவுதான் பாடம். மறுநாளும் அதுவே. பத்து நாள் கழித்து, மூச்சை விட்டபடி முன்னால் குனிவது சேர்ந்தது. இருபதாம் நாள், மூச்சை விட்டபடி நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது. கைக்கு முன்னால் மூச்சு கிளம்ப வேண்டும், மூச்சு முடியும்போது கையும் முடிய வேண்டும். கோதண்டத்தின் கை எப்போதும் முதலில் போய் நின்றுகொண்டு மூச்சுக்காகக் காத்திருந்தது. அவசரக்காரக் கை. டீச்சர் ஒவ்வொரு தடவையும் அதைக் கீழே இறக்கி, மறுபடி என்று மட்டும் சொல்வார்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கோதண்டம் பழைய கதையை எடுத்தார். புறப்பாட்டின்போது மழை பிடித்துக்கொண்டால் பூவும் பட்டும் நனைந்து பல்லக்கு இரண்டு மடங்கு கனத்துப்போகுமாம்.

"அப்ப என்ன செய்வீங்க?"

"கனத்தைக் குறைக்க முடியுமா? கூட ரெண்டு ஆளைக் கூப்பிட்டுத் தண்டுல சேர்த்துக்குவோம்."

டீச்சர் கேட்டுக்கொண்டே பாயைச் சுருட்டி வைத்தார்.

பங்குனி முடிய நான்கு நாள் இருந்தது. அன்று கோதண்டத்துக்குப் பொறுமை போய்விட்டது. கொசு விரட்டவா இத்தனை நாள் படியேறி வந்தேன் என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. "வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்" என்றார்.

குமுதவல்லி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டீச்சர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து தான் யார் என்று சொன்னார். ஒரே ஒரு தடவை, நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று கெஞ்சினார். அவள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பிச் சரி என்றாள். அவளைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, நன்றாக இருக்கும் இடது காலைத் தரையில் அழுத்தி ஊன்ற வைத்தார்கள்.

"தூக்குங்க ஐயா."

கோதண்டம் அவள் அக்குளுக்குக் கீழே கைகொடுத்து, பல்லைக் கடித்துத் தம் கட்டினார். குமுதவல்லி கண்ணை இறுக்கி மூடினாள். உடம்பு பலகையாக விறைத்தது.

"நில்லுங்க. கையை எடுக்காம அவங்க முதுகைக் கவனிங்க."

அவர் கவனித்தார். முதுகு அசையவே இல்லை. அவர் கை பட்டதுமே அவள் மூச்சை நிறுத்தியிருந்தாள். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் தன் கைக்கு இப்படிப் பயந்துபோயிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பெருமாளை எப்படித் தூக்குவீங்க?" டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"எல்லாரும் ஒண்ணாக் குனிவோம். ஒரே குரலா கோவிந்தான்னு சொல்லுவோம். அந்தக் குரல்லயே தோளுக்கு வந்துடும்."

"குரல் கொடுக்கும்போது மூச்சு எங்க போகும்?"

"வெளியே." சொல்லிவிட்டு அவர் குமுதவல்லியின் முதுகைப் பார்த்தார்.

"பெருமாள் மூச்சு விட மாட்டார். உங்க சௌகரியத்துக்குத் தூக்கலாம். இவங்க விடுறாங்க. இவங்க விடும்போது தூக்குங்க."

கோதண்டம் முழங்காலை மடக்கிக் காத்திருந்தார். அவசரக்காரக் கை அன்று அவசரப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் முதுகு மெல்ல விரிந்தது, தாழ்ந்தது. மறுபடி விரிந்தது. அவருடைய மூச்சும் அதோடு போய் வந்தது.

"என்ன, தூங்கிட்டீங்களா?" என்றாள் குமுதவல்லி, கண்ணைத் திறக்காமல்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் ஒரு பக்கத்து உதட்டால் சிரித்தாள். அடுத்த மூச்சு முழுதாக உள்ளே போய்த் திரும்பும் நேரம் பார்த்து, அவர் தாழ்ந்த குரலில் கோவிந்தா என்றார். குழறிய நாக்கோடு அவளும் கூடவே சொன்னாள்.

எழுந்து நின்றுவிட்டாள். இடது கால் தரையை உதைத்து ஊன்றியிருந்தது. இடது கை அவர் தோளின் காய்ப்பைப் பற்றியிருந்தது. அப்படியே திரும்பி, இன்னொரு மூச்சில் நாற்காலியில் அமர்ந்தாள்.

தெருவில் கீரைக்காரி போய்க்கொண்டிருந்தாள். குமுதவல்லி அவள் தலை மறையும்வரை பார்த்தாள்.

"பையன் வரும்போது நான் இங்கதான் உக்காந்திருப்பேன்" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்து, "இன்னொரு தடவை தூக்குங்க" என்றாள்.

கோதண்டம் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், இவ கனமெல்லாம் எங்க போச்சு?"

"கனம் அப்படியேதான் இருக்கு ஐயா. ஒரு ஆள் கூடியிருக்கு."