கனம் குறைத்த கார்

ஓணாங்குளத்துக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் என்னென்னவோ சொல்வார்கள். எல்லாவற்றையும் நம்பிவிடாதீர்கள். வெயில் தாங்காதென்று கோழிகளுக்குக் குடை பிடித்து மேய்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. சுத்தப் பொய். குடை பிடித்தது ஆடுகளுக்கு. பிடித்தவன் வெயிலுமுத்து. அவன் கார் வாங்கிய கதை மட்டும் முழு நிஜம். அவன் அக்கா கல்யாணத்தில் நானும் சாப்பிட்டேன், ரசம் பிரமாதமாக இருந்தது.

வெயிலுமுத்துவுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே அந்த ஆடுகளை விற்றான். மலையடிவாரத்து எஸ்டேட் பங்களாவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, கூட்டாளிகள் மாசானத்தையும் தளவாயையும் இழுத்துக்கொண்டு ஓடினான். சிவப்பு வண்டி. இரண்டே சீட்டு. மேலே கித்தான் கூரை. பார்த்ததும் ஓடிப்போய் அதைத் தடவிக் கொடுத்தான். இந்த வண்டி இல்லாமல் இனி ஒரு வேளைச் சோறுகூட இறங்காது என்று தோன்றிவிட்டது.

எஸ்டேட்காரர் சாவியைக் கொடுக்கும்போது கண் கலங்கினார். "தம்பி, இத்தனை வருசம் இதைப் பச்சப்பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டேன். நீயும் பெத்த பிள்ளையா நெனைச்சு வளக்கணும், என்ன?"

"கவலையே படாதிய சார்," என்றான் வெயிலுமுத்து. அவன் சொன்ன சொல் தவறாதவன். அதுதான் சிக்கலே.

வண்டி இருமிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தது. அப்பா உலகநாதன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். வீட்டில் மூத்தவள் வடிவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை செந்தூர்பாண்டி, கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனி இன்ஜினீயர். நம்ம பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் திறந்த கார் வேண்டும், முன்னால் மேளம் போக வேண்டும், இல்லையா? ஓணாங்குளத்தில் திறந்த காருக்கு எங்கே போக?

"ஏலே, ஆட்டையெல்லாம் வித்துத் தொலைச்சிட்டு இதக் கொண்டாந்திருக்க," என்றார் உலகநாதன். "மாப்பிள்ள இந்த வண்டியில வந்து மண்டப வாசல்ல எறங்கணும். எறங்கலேன்னு வையி, மறுநாளே பழைய இரும்புக்குப் போட்டுருவேன். சொல்லிட்டேன்."

வெயிலுமுத்து உடனே கூட்டாளிகளைக் கூட்டி ஆலோசனை நடத்தினான்.

"தொறந்த காருக்கு என்னலே செய்ய? இதுலதான் கூரை இருக்கே?"

தளவாய் வெகுநேரம் யோசித்தான். "பச்சப்பிள்ளைன்னுதான சொன்னாவ? பச்சப்பிள்ளைக்கு மொத முடி எறக்கலியே இன்னும்?"

அடடா, இது எப்படித் தோன்றாமல் போயிற்று! வண்டியைக் குலசாமி கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய், கித்தான் கூரையை முறைப்படி கத்தரித்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசினார்கள். வண்டி திறந்த காராகிவிட்டது. வெயிலுமுத்து சந்தோஷத்தில் மாசானத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"மொட்டை போட்ட கையோட காதும் குத்திரணும்," என்றான் மாசானம், வண்டி வீடு திரும்பியதும்.

காது எது என்பதில் தகராறு இல்லை. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடிகள்தான். தாய்மாமன் யார் என்பதில்தான் தகராறு.

"நான் இன்னும் கல்யாணமே கட்டலியே. பிள்ளைக்கு அம்மா ஏது, மாமன் ஏது?"

"வடிவக்கா பிள்ளைன்னு வச்சுக்கிட்டா நீதான்லே தாய்மாமன்."

"கல்யாணத்துக்கு முன்னாடியே பிள்ளையா? ஊரு என்னலே பேசும்?"

மூன்று பேரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கடைசியில் இந்த ஒரு தடவை தகப்பனே மாமனாகவும் இருந்துகொள்வது என்று முடிவானது. அடுத்து, மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டுமே! வண்டியின் முன்பக்கத்தை மடியில் ஏற்றிப் பார்த்தார்கள். வெயிலுமுத்து போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கோழிகள் கூரை ஏறிவிட்டன. அப்புறம் மாமனே பிள்ளையின் மடியில் உட்கார்ந்துகொண்டார்.

துளைபோடும் மெஷினை இரவல் வாங்கி மாசானம் இடது காதில் குத்தினான். கண்ணாடி படீரென்று விரிசல் விட்டது. குத்தினால் பிள்ளை அழ வேண்டும் என்பதற்காகத் தளவாய் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான்.

"ஐயோ, பிள்ள ஏங்குதே! வாயில சீனி போடுலே!" என்று வெயிலுமுத்து பதறினான். வண்டிக்கு வாய் எதுவென்று மூவருக்கும் தெரியும், பெட்ரோல் பங்க்கில் பார்த்திருக்கிறார்கள். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து ஒரு டப்பா சீனியையும் கொட்டினார்கள். ஹாரன் சத்தமும் நின்றது. கொஞ்ச நேரத்தில் இன்ஜினும் நின்றது. அப்புறம் எத்தனை தடவை சாவியைத் திருகியும் அது வாய் திறக்கவில்லை.

"அசந்து தூங்குது," என்றான் தளவாய்.

இரண்டு நாளாகியும் தூங்கினால் தகப்பன் மனசு கேட்குமா? வெயிலுமுத்து டவுனுக்கு ஓடி மெக்கானிக் பால்துரையைக் கூட்டி வந்தான். பால்துரை நல்ல மனிதர், அவசரக்காரர். அன்று கொழுந்தியாள் வீட்டு விசேஷத்துக்கு நாகர்கோவில் போகிற அவசரம் வேறு. பானட்டைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"உள்ள என்னத்தையோ ஊத்தித் தொலைச்சிருக்கிய. பிரிச்சு மேயணும். முகூர்த்தத்தன்னைக்குக் காலைல வந்திருதேன்."

"அண்ணாச்சி, அதுக்கு முந்தின நாளே மாப்பிள்ள அழைப்பு! வண்டி ஓடலேன்னா அப்பா இரும்புக்குப் போட்டுருவாவ!" வெயிலுமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பால்துரை டிக்கியைப் பார்த்தார். ஒரு மூட்டை அரிசி, தொட்டில் கட்டை, மரப்பாச்சி, கிலுகிலுப்பை, எல்லாம் பிள்ளைக்காக வாங்கி வைத்தவை. அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "இது பந்தய வண்டிடே. கனந்தான் இதுக்கு எதிரி. தேவையில்லாத கனத்தையெல்லாம் கழட்டிக் கீழ போடுங்க. வண்டி தன்னால பறக்கும்," என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸைப் பார்த்து ஓடினார்.

மூவரும் வண்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அரிசி மூட்டையை எடுத்த எடுப்பிலேயே கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். அது அண்ணாச்சி சொன்ன கனமாக இருக்க முடியாது, அதைத் தூக்கத் தெரியாமலா மெக்கானிக்கிடம் போனோம்? வண்டியிலேயே பெரிய கனம் எது என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார்கள். பானட்டுக்குள் இருந்ததை அசைக்கவே முடியவில்லை.

"இதாம்லே," என்றான் மாசானம். "இது என்னது?"

"இன்ஜின்."

"எதுக்கு இருக்கு?"

"வண்டி ஓடுததுக்கு."

"வண்டி இப்ப ஓடுதா?"

"ஓடல."

"அப்பம் தேவையில்லாததுதான?"

வெயிலுமுத்து ஸ்பானர் தேடக் கிளம்பினான். இதற்குப் பதில் சொல்ல உங்களாலும் முடியாது, யோசித்துப் பாருங்கள்.

வேப்பமரக் கிளையில் கிணற்றுக் கயிறும் உருளையும் கட்டி, நட்டு நட்டாகக் கழற்றி, ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டி இன்ஜினை வெளியே எடுத்தார்கள். எடுத்த கையோடு தளவாய் பிரேக்கையும் சுட்டிக் காட்டினான்.

"இது ஓடுததுக்கா, நிக்கதுக்கா?"

"நிக்கதுக்கு."

"நின்னு நின்னுதான இவ்வளவு நாளா நம்ம உயிர எடுக்குது?"

பிரேக்கும் போயிற்று. அப்புறம் மாசானம் பின்னால் நின்று ஒற்றைக் கையால் தள்ளினான். ஆகா! நேற்றுவரை மூன்று பேர் முக்கியும் நகராத வண்டி, வழுக்கிக்கொண்டு போய், ஸ்டியரிங்கில் இருந்த வெயிலுமுத்துவோடு சாணிக்குழியில் இறங்கியது. இருமல் இல்லை, புகை இல்லை, பெட்ரோல்கூட வேண்டாம். "பால்துரை அண்ணாச்சி தெய்வம்லே!" என்று வெயிலுமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். கழுத்தளவு சாணிக்குள் நின்றுகொண்டுதான் போட்டுக்கொண்டான். கழுவிவிட்டு இன்ஜினுக்கு ஒரு போர்வை போர்த்தி வேப்பமரத்தடியில் படுக்க வைத்தான்.

மாப்பிள்ளை அழைப்பு நாள் வந்தது. மேட்டுப் பிள்ளையார் கோயிலிலிருந்து கீழே மண்டபம் வரை ஊர்வலம். வண்டி முழுக்க மல்லிகைச் சரம், ஒரு காதில் கம்மல். மாப்பிள்ளை செந்தூர்பாண்டி நல்ல வாட்டசாட்டம். கோட்டு, சூட்டு, கைக்கு மோதிரம், கழுத்துக்கு மாலை என்று அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி ஒருபக்கமாக முனகியது. வெயிலுமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். மாசானமும் தளவாயும் பின்னால் நின்று தள்ளினார்கள். வண்டி அசையவே இல்லை.

வெயிலுமுத்துவுக்கு வியர்த்துக் கொட்டியது. பழைய இரும்புக்காரனின் தராசு கண்ணுக்கு முன்னால் ஆடியது. "அத்தான், தப்பா நெனைக்காதிய. இது பந்தய வண்டி. கனந்தான் எதிரி. அந்தக் கோட்ட மட்டும் கொஞ்சம்..."

"அதுக்கென்ன மாப்ள," என்று செந்தூர்பாண்டி கழற்றிக் கொடுத்தார். வண்டி கொஞ்சம் அசைந்தது. ஷூவைக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் அசைந்தது. பேண்ட்டுக்குப் பதிலாக யாரோ ஒரு வேட்டியை நீட்ட, அதைக் கட்டிக்கொண்டு சட்டையையும் கழற்றிவிட்டார். பனியன், வேட்டி, மாலையோடு அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததும் வண்டி சரசரவென்று கிளம்பியது. இறக்கம் வந்துவிட்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

"இன்ஜின் சத்தமே கேக்கலியே, மாப்ள?"

"கழட்டியாச்சு அத்தான்."

"அதான பாத்தேன், இவ்வளவு நைசாப் போகுதேன்னு," என்றார் மாப்பிள்ளை.

பாதி இறக்கத்தில் மாசானமும் தளவாயும் பின்தங்கிப் போனார்கள். வண்டி தன் பாட்டுக்குப் போனது. முன்னால் போன நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்தார், கல்யாணி ராகத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சாக்கடை ஓரம் தாவினார். தவில்காரர் தவிலோடு தாவினார். வெயிலுமுத்து காலால் துழாவினான். பிரேக் இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது. "குலசாமி! பிள்ளையக் காப்பாத்து!" என்று அலறினான். மண்டப வாசலில் கட்டியிருந்த இரண்டு வாழை மரங்களும் வண்டியை அணைத்தபடி சாய்ந்தன. வண்டி நின்றது. சரியாக ஆரத்தித் தட்டுக்கு முன்னால்.

கூட்டம் கைதட்டியது. வாழைத்தாருக்கு நடுவிலிருந்து செந்தூர்பாண்டி பனியனோடு இறங்கி எல்லாருக்கும் கும்பிடு போட்டார். உலகநாதன் ஓடி வந்து மகனைக் கட்டிக்கொண்டார். "எறக்கிட்டியேலே! சொன்ன மாதிரியே வாசல்ல எறக்கிட்டியேலே!" வெயிலுமுத்து விசும்பி விசும்பி அழுதான். வண்டி பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தான்.

ஆனால் மறுநாள் முகூர்த்தம் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் அதே வண்டியில் மேட்டுப் பிள்ளையாரைக் கும்பிடப் புறப்பட வேண்டும். இப்போது ஏற்றம். ஊரே தள்ளியும் வண்டி ஏறவில்லை. உலகநாதனின் முகம் மெல்ல மாறியது. இரும்புக்காரன் வேறு பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்துப் பால்துரை வந்து சேர்ந்தார். பானட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார். "ஏலே, இன்ஜின் எங்கலே?"

"நீங்கதான அண்ணாச்சி கனத்தக் கழட்டச் சொன்னிய?"

பால்துரை தலையில் அடித்துக்கொண்டார். "அறிவுகெட்டவனுவளா! வண்டி மேட்டுல ஏறணும்னா இன்ஜின் வண்டியில இருக்கணும்லே!" குடிக்கத் தண்ணீர் கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

இவ்வளவுதானே? இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மூங்கில் கழியில் கட்டி எட்டுப் பேர் சுமந்து, வேப்பமரத்தடியிலிருந்து இன்ஜினைக் கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த சீட்டில் உட்கார வைத்தார்கள். விழுந்துவிடாமல் பெல்ட்டைப் போட்டுவிட்டு, விசேஷ வீடாயிற்றே என்று சந்தனமும் பூசினார்கள். வெயிலுமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். வண்டி அசையவில்லை.

"மாப்பிள்ளகிட்ட கேளுங்க, மாப்பிள்ள படிச்சவரு," என்றார் உலகநாதன், நம்பிக்கையெல்லாம் போன குரலில்.

செந்தூர்பாண்டி மாலையோடு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். லேசாகச் சிரித்தார்.

"ஏன் மாமா, இது முன்னால இப்படி ஜம்முன்னு உக்காந்திருந்தா வண்டியத் தள்ளுறது யாரு? எறக்கிப் பின்னால விடுங்க."

ஊரே வாயைப் பிளந்தது. இந்த யோசனை வேறு யாருக்காவது வந்ததா? "நம்ம வடிவு குடுத்து வச்சவடி," என்று பெண்டுகள் பேசிக்கொண்டார்கள். வெயிலுமுத்து அத்தானின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இன்ஜினை இறக்கி வண்டிக்குப் பின்னால் நடுரோட்டில் வைத்தார்கள். ஒதுங்கி வழிவிட்டு நின்றார்கள். அது சும்மா இருந்தது.

அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்த கல்யாணப் பெண் வடிவு அப்போதுதான் முதன்முறையாக வாயைத் திறந்தாள்.

"இத்தன பேரு வெறிச்சுப் பாத்தா அதுக்கு வெக்கமா இருக்காதா? எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

எல்லாரும் திரும்பி நின்றார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பால்துரையும் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்றார்.