நாற்பத்தொரு பூஜ்ஜியங்கள்

பேராசிரியர் சதக்கத்துல்லா முப்பது வருடம் கல்லூரியில் கணிதம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு, தன்னைவிட இருபது வயது இளையவரான டாக்டர் ரூபாவதியிடம் மாணவராகச் சேர்ந்தார். கணக்கு எனக்கு வரும், மருத்துவ ஆராய்ச்சி வராது, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ரூபாவதி அவருக்கு ஒரு மேஜையையும் ஒரு கட்டு நோட்டுகளையும் கொடுத்தார்.

குழந்தைகளுக்கு வரும் வலிப்புக்கு இரண்டு மருந்துகளை அவர்கள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்று பழையது, ஒன்று புதியது. இரண்டும் ஒரே நிறம், ஒரே இனிப்பு. எந்தக் குழந்தைக்கு எது போகிறது என்று பெற்றோருக்கும் தெரியாது, ரூபாவதிக்கும் தெரியாது. பகலில் எத்தனை முறை வலிப்பு வந்தது என்பதை வீட்டில் உள்ளவர்கள் அன்றன்று நோட்டில் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை அந்த நோட்டுகளின் நகல் பேராசிரியரின் மேஜைக்கு வரும்.

ஒருநாள் அவர் ஒரு நகலோடு ரூபாவதியின் அறைக்கு வந்தார். அது மகிஷா என்ற ஏழு வயதுச் சிறுமியுடையது. முதல் பக்கத்தில் பதினேழு, இருபத்திரண்டு, பத்தொன்பது என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் ஆறு, இரண்டு. அதற்கப்புறம் முந்தின நாள் வரை நாற்பது நாள் தொடர்ந்து பூஜ்ஜியம். ஓரத்தில் பென்சிலில் ஏதேதோ கிறுக்கல்கள்.

இதை நம்ப முடியவில்லை, அந்த அம்மா எண்ணாமலே எழுதுகிறாள், இந்த நோட்டை ஆய்விலிருந்து நீக்கிவிடலாம் என்றார் அவர்.

ரூபாவதி நகலை நிதானமாகப் பார்த்தார்.

"பதினேழை நம்பினீர்களா, சார்?"

"நம்பினேன். பதினேழு என்றால் பதினேழு தடவை ஏதோ நடந்திருக்கிறது. பூஜ்ஜியத்துக்கு என்ன சாட்சி, டாக்டர்? ஒன்றும் நடக்கவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?"

ரூபாவதி நகலை மேஜையில் வைத்தார். மகிஷாவின் அம்மாவுக்கு போன் செய்து சம்மதம் கேட்டார். பிறகு ஒரு தாளில் முகவரியை எழுதி நீட்டினார்.

"நாளைக்கு ஒரு பகல் நீங்களே எண்ணிவிட்டு வாருங்கள்."

வீடு உப்பளத்துக்குப் போகும் சாலையில், ஒரே அறையும் ஒரு தாழ்வாரமும் கொண்டது. அம்மா பேச்சித்தாய் ஜாக்கெட் தைப்பவள். காலை ஆறரைக்குப் பேராசிரியர் போனபோதே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகிஷா தலையில் பஞ்சு வைத்துத் தைத்த தொப்பி போட்டிருந்தாள். மோவாயில் மூன்று தழும்புகள். முன்பெல்லாம் நடந்துகொண்டே இருப்பாளாம், திடீரென்று தலை தொங்குமாம், கால் மடங்குமாம், அடுத்த நொடி தரையில் கிடப்பாளாம். அதனால் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதம் ஒன்றுமே வராமல் இருந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகத் தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். அதற்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

பேராசிரியர் ஒரு நாற்காலியில் அமர்ந்து எண்ணத் தயாரானார். எண்ணுவதற்கு எதுவும் வரவில்லை.

சிறுமி படம் வரைந்தாள். பென்சில் பாதியில் நின்றது. அவர் எழுந்துவிட்டார். அவள் அடுத்து என்ன நிறம் தீட்டுவது என்று யோசித்திருக்கிறாள். வாசலுக்கு ஓடினாள். தடுக்கியது. அவர் பாய்ந்து கை நீட்டினார். செருப்பு வார் அறுந்திருந்தது, அவ்வளவுதான். கண்ணைச் சிமிட்டினால் அதுவா என்று பார்த்தார். பேச்சு நடுவில் நின்றால் அதுவா என்று பார்த்தார். பத்து மணிக்குள் அவருக்குக் கழுத்து வலித்தது. முப்பது வருடம் தேர்வு அறைகளில் கண்காணிப்பாளராக நின்றவர், ஒரு முகத்தை இப்படிப் பார்த்ததே இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தூங்கிவிட்டார். விழித்ததும் பதறிப்போய் மணியைப் பார்த்தார். பன்னிரண்டு நிமிடம் போயிருந்தது.

"வந்துச்சாம்மா?"

"இல்ல சார். நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. எப்படிப் பார்த்தாள் என்று அவருக்குப் புரியவில்லை. அதன் பிறகு அவர் மகிஷாவோடு சேர்த்து அம்மாவையும் கவனித்தார். அப்போதுதான் மெஷினின் சத்தம் காதில் விழுந்தது. சிறுமியின் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை மெஷின் ஓடியது. குரல் நின்றால் பேச்சித்தாயின் கால் நின்றது. குரல் வந்தால் கால் மறுபடி மிதித்தது. காலையிலிருந்து அது அப்படித்தான் நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

சாயங்காலம் அவள் பின்கட்டுக்குக் குளிக்கப் போனாள். போகும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணை வந்து உட்காரச் சொன்னாள். பெரியவர் இருக்கிறாரே என்றாள் அந்தப் பெண். சார் அசந்துபோயிருக்கார் என்று பேச்சித்தாய் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. திரும்பி வந்ததும் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார். 'குளி 5' என்று இருந்தது. அது என்ன என்று கேட்டார். தன் கண் படாத நிமிடங்கள் என்றாள் அவள். அந்த நேரத்தில் வந்திருந்தால் தனக்குத் தெரியாது, டாக்டரம்மாவுக்கு அது தெரிய வேண்டாமா என்றாள்.

அவர் கிறுக்கல் என்று நினைத்தது அதைத்தான்.

ஏழு மணி. மகிஷா தட்டின் முன் உட்கார்ந்து இட்லியைப் பிட்டாள். சட்னியில் தொட்டாள். கை வாய்க்குப் போகும் வழியில் ஒரு கணம் நின்றது. பிறகு போய்ச் சேர்ந்தது. அன்று முழுவதும் அவர் அதைப் போல நூறு பார்த்துவிட்டார். நாள் முடிந்தது என்று நாற்காலியில் சாய்ந்தார்.

பேச்சித்தாய் எழுந்தாள். மகளின் பக்கத்தில் உட்கார்ந்து பின்னங்கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே இருந்தாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள். முந்தின நாளையதையும் சேர்த்து நாற்பத்தொரு பூஜ்ஜியங்களுக்குக் கீழே ஒன்று என்று எழுதினாள்.

பேராசிரியர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார்.

"எப்பம்மா வந்துச்சு?"

"இப்ப சாப்பிடும்போது. கண்ணு ரெண்டும் மேல போயிட்டு வந்துச்சு. மூணு செகண்டு இருக்கும்."

அவர் அதைப் பார்க்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தை நினைத்தார். அவ்வளவு சின்னது, விழக்கூட இல்லை, இதை எழுதத்தான் வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

பேச்சித்தாய் அவரை வியப்போடு பார்த்தாள்.

"இத எழுதலேன்னா, முன்னாடி எழுதுனதெல்லாம் பொய்யாயிரும்லா சார்."

நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, மகளுக்கு மருந்து ஊற்றப் போனாள்.

மறுநாள் காலை அவர் ரூபாவதியின் அறைக்கு வந்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னார். மெஷினைப் பற்றிச் சொல்லும்போது, அது நின்று நின்று ஓடியதை மேஜையில் விரலால் தட்டிக் காட்டினார். எல்லாம் சொல்லி முடித்ததும் ரூபாவதி கேட்டார்.

"நீங்கள் எத்தனை எண்ணினீர்கள், சார்?"

"பூஜ்ஜியம்."

"அந்த அம்மா?"

"ஒன்று."

"நோட்டை நீக்கிவிடலாமா?"

அவர் தலையை அசைத்து மறுத்தார். பிறகு, அந்தக் குழந்தைக்குப் போவது புதிய மருந்தா, பழையதா என்று கேட்டார். தெரியாது என்றார் ரூபாவதி. எல்லா வீடுகளிலிருந்தும் கடைசி நோட்டு வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும் என்றார்.

"எத்தனை வீடு, சார்?"

"நூற்றிருபது."

"ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை நாள்?"

"எண்பத்து நான்கு."

"பெருக்கிச் சொல்லுங்கள்."

சதக்கத்துல்லா இதைவிடப் பெரிய பெருக்கலை எல்லாம் மனதுக்குள்ளேயே ஒரு நொடியில் முடிப்பவர். பத்தாயிரத்து எண்பது என்ற விடை உடனே வந்துவிட்டது.

அத்தனை பகலும் யாரோ ஒருவர் ஒரு முகத்தை இப்படிப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது, அதை வெறும் எண்ணாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.